ஓடிய வேகம் எங்கே போனது? பிள்ளைகளோடு பொம்மை வண்டி செய்த அனுபவம்

ஒத்தக்கடைக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் மாலை வகுப்பு எடுக்கிறேன். ஐந்தாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை பிள்ளைகள் வருவார்கள். ‘விசையும் இயக்கமும்’ பாடத்தில் வரையறை கேட்டால் மூச்சு விடாமல் ஒப்பிப்பார்கள். உருட்டிவிட்ட பந்து ஏன் நின்றது என்று கேட்டால், “அதுல இருந்த வேகம் தீர்ந்துபோச்சுக்கா” என்பார்கள். தீர்ந்தது என்றால் எங்கே போனது? இந்த ஒரு கேள்விக்குப் பதில் தேடத்தான் கோடை விடுமுறையில் வண்டி செய்ய உட்கார்ந்தோம். வண்டி ஓடும்போது பிள்ளைகள் கத்துவார்கள், கை தட்டுவார்கள், ஒன்றும் காதில் ஏறாது. நின்ற பிறகு எல்லோரும் அதைச் சுற்றிக் குனிந்து பார்ப்பார்களே, அந்த அரை நிமிடம்தான் பாடம் நடத்தத் தோதானது.

முதலில் சாமான்கள். கடையில் எதையும் வாங்குவதில்லை என்று தொடக்கத்திலேயே பேசிக்கொண்டோம். சக்கரத்துக்குத் தண்ணீர்க் கேன் மூடி, சோடா பாட்டில் மூடி, பழைய சி.டி. அச்சுக்கு சைக்கிள் ஸ்போக். சைக்கிள் கடையில் உடைந்த ஸ்போக் ஒரு கட்டு சும்மாவே கிடைத்தது. உடம்புக்கு அட்டைப்பெட்டி. அச்சு நின்று சுழல ஒரு குழாய் வேண்டும். இதற்கு உறிஞ்சுகுழல் வைத்துச் செய்யச் சொல்லித்தான் எல்லாச் செய்முறையிலும் இருக்கும். 2019 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தபோது பிளாஸ்டிக் உறிஞ்சுகுழலும் அந்தப் பட்டியலில் போய்விட்டது. காகிதக் குழல் இரண்டு நாள் வியர்வைக் கை பட்டாலே நசுங்கிவிடும். யூஸ் அண்ட் த்ரோ பேனாவின் உடம்பு அதைவிட எவ்வளவோ மேல். மை தீர்ந்த பேனாக்கள் ஒவ்வொரு வீட்டிலும் கிடக்கும். இரண்டு முனையையும் அறுத்து எடுத்தால் கெட்டியான, வழவழப்பான குழாய். ஸ்போக் அதற்குள் தாராளமாகச் சுழலும்.

மூடியில் ஓட்டை போடுவதில் எல்லா வண்டியின் தலைவிதியும் இருக்கிறது. ஓட்டை நடுவில் இல்லையென்றால் வண்டி நொண்டும். ஒவ்வொரு சுற்றிலும் வண்டி ஒருமுறை தூக்கிப் போடப்படும். அப்படித் தூக்கிப் போடுவதற்கும் ஆற்றல் செலவாகும், அது ஓட்டத்தில்தான் குறையும். நடுவைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. பிளாஸ்டிக்கை அச்சில் வார்க்கும்போது விட்ட சிறு புள்ளி பெரும்பாலான மூடிகளின் நடுவில் தெரியும். தடவிப் பார்த்தால் விரலில் படும். புள்ளி இல்லாத மூடி என்றால், காகிதத்தில் மூடியை வைத்துச் சுற்றி வரைந்து, அந்த வட்டத்தை வெட்டி, இரண்டு முறை பாதி பாதியாக மடித்தால் மடிப்புகள் சந்திக்கும் இடம்தான் மையம். அதை மூடிமேல் ஒட்டிக் குத்தலாம். ஸ்போக்கை மெழுகுவர்த்தியில் சூடாக்கிக் குத்தும் வேலையை நான் மட்டுமே செய்தேன். பிள்ளைகள் குறி வைப்பார்கள், நான் குத்துவேன். ஸ்போக்கின் வெட்டிய முனையை உடனே அரத்தால் ராவிவிட வேண்டும். கையில் ஏறினால் ஆழமாகப் போகும்.

அட்டையில் ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். பெட்டி அட்டையின் உள்ளே வரிவரியாக மடிப்பு ஓடும். அந்த வரி வண்டியின் நீளவாக்கில் இருக்க வேண்டும். குறுக்குவாக்கில் வெட்டினால், பிறகு மாட்டப்போகும் ரப்பர் பேண்ட் இழுக்கும்போது அட்டை மடங்கிக் கூன் போட்டுவிடும். பேனாக் குழாய்கள் இரண்டையும் ஒட்டும்போது இடப்பக்க இடைவெளியையும் வலப்பக்க இடைவெளியையும் ஸ்கேலால் அளந்து சமமாக்க வேண்டும். இரண்டு மில்லிமீட்டர் மாறினாலே வண்டி சுவரைப் பார்த்துப் போகும். தரையில் டைல்ஸ் கோட்டின்மேல் உருட்டிவிட்டால் குறை உடனே தெரியும்.

இப்படி நாலு மூடி, இரண்டு ஸ்போக், இரண்டு பேனா, ஒரு அட்டை சேர்ந்து ஒரு வெறும் வண்டி ஆனது. மோட்டார் இல்லை, ரப்பர் இல்லை. பல பேர் இதைத் தாண்டி நேராகப் பலூன் வண்டிக்குப் போய்விடுவார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. இந்த வெறும் வண்டியில் கிடைத்த பாடம் வேறு எதிலும் கிடைக்கவில்லை.

ஒரு பலகையைச் செங்கல்மேல் சாய்த்து வைத்தோம். பலகை தரையைத் தொடும் இடத்தில் பழைய காலண்டர் அட்டையை ஒட்டி வழவழவென்று இறங்கும்படி செய்தோம். இல்லாவிட்டால் அங்கே ஒரு குலுக்கு விழும். வண்டியை உச்சியில் வைத்துக் கையை எடுத்தோம். தள்ளக் கூடாது, அதுதான் விதி. ஓடி நின்ற இடத்தை டேப்பால் அளந்தோம். எங்கிருந்து அளப்பது என்று ஒரு சண்டை வந்தது. பலகை முடியும் இடத்திலிருந்து என்று பாதிப் பேர் சொன்னார்கள். பலகையின்மேலும் அச்சு உராய்ந்துகொண்டுதானே வருகிறது, அதை ஏன் விடணும் என்று ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள். அவள் சொன்னதுதான் சரி. வண்டியை விட்ட இடத்துக்கு நேர் கீழே தரையில் சாக்பீஸ் குறி வைத்து அங்கிருந்து அளக்க ஆரம்பித்தோம்.

அப்படி அளந்ததும் கணக்கு அழகாக வந்தது. ஒரு செங்கல் உயரத்தில் விட்டதைவிட இரண்டு செங்கல் உயரத்தில் விட்டால் ஏறக்குறைய இரண்டு மடங்கு தூரம். மூன்று என்றால் ஏறக்குறைய மூன்று மடங்கு. உயரத்தில் சேர்த்து வைத்த ஆற்றலை, போகிற வழியில் உராய்வுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே போகிறது வண்டி. கையில் இருந்தது இரண்டு மடங்கு என்றால் இரண்டு மடங்கு தூரத்துக்குக் கொடுக்கலாம். ஓடிய தூரத்தை உயரத்தால் வகுத்தால் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு எண் வரும். நன்றாகச் செய்த வண்டிக்கு ஒரு செ.மீ. உயரத்துக்கு 30 செ.மீ. போல ஓட்டம் கிடைத்தது. பிள்ளைகள் இதற்கு ‘மைலேஜ்’ என்று பேர் வைத்துவிட்டார்கள். “ஒன் வண்டி என்னடா மைலேஜ் தருது?” என்று கேட்டுக்கொண்டு திரிந்தார்கள். அறிவியலுக்குள் பிள்ளைகள் தாங்களாகக் கொண்டுவரும் சொல்லை நான் மாற்றுவதில்லை. அந்த எண்ணைத் தலைகீழாக்கினால் உராய்வின் அளவுதான். அது பெரிய வகுப்புக்குப் போகும்போது வரும்.

மைலேஜைக் கூட்டப் போட்டி. தேங்காய் எண்ணெய் விட்டவர்களின் வண்டி முதலில் நன்றாக ஓடி, தூசி ஒட்டியதும் மந்தமானது. பென்சில் கரியைச் சுரண்டி ஸ்போக்கில் தேய்த்தவர்கள் ஜெயித்தார்கள். பாயின்மேல் விட்டால் மைலேஜ் பாதிக்கும் கீழே போனது. வாசல் மணலில் எந்த வண்டியும் பலகையைத் தாண்டிச் சில சாண்கூடப் போகவில்லை. எங்கே போனது என்ற கேள்விக்கு இங்கே கண்ணெதிரே பதில் கிடந்தது. மணல் விலகியிருக்கிறது, தடம் விழுந்திருக்கிறது. வழவழத் தரையில் தடம் தெரியாது, ஆனால் அச்சு உரசிய இடம் சூடாகும். நம் விரலுக்குத் தெரியாத அளவு சூடு. உள்ளங்கைகளை வேகமாகத் தேய்த்துப் பார்க்கச் சொன்னேன், புரிந்துகொண்டார்கள். இங்கிலாந்தில் ஜேம்ஸ் ஜூல் என்பவர் 1840களில் இதைத்தான் அளந்தார். ஒரு எடை கீழே இறங்க, அது இழுத்த கயிறு தண்ணீருக்குள் துடுப்பைச் சுழற்ற, தண்ணீர் எவ்வளவு சூடாகிறது என்று பார்த்தார். மிகச் சிறிய மாற்றம், ஆனால் அளந்துவிட்டார். அவர் பேரில்தான் ஆற்றலின் அலகு. அரை லிட்டர் ஆவின் பால் பாக்கெட்டை 20 செ.மீ. தூக்கினால் ஏறக்குறைய ஒரு ஜூல். எல்லோரும் வரிசையில் நின்று ஒரு ஜூல் தூக்கிப் பார்த்தார்கள். அளவு கைக்குத் தெரிந்துவிட்டால் அப்புறம் பயம் போய்விடும்.

அடுத்து எடை. வண்டிமேல் களிமண் உருண்டை வைத்தால் தூரமாகப் போகுமா, கிட்டத்திலேயே நிற்குமா? பந்தயம் கட்டினார்கள். கனமான வண்டிக்கு வேகம் அதிகம் என்றது ஒரு கட்சி, கனம் இழுத்துப் பிடிக்கும் என்றது இன்னொரு கட்சி. ஏறக்குறைய அதே தூரம்தான் போனது. எடை இரண்டு மடங்கானால் உச்சியில் சேரும் ஆற்றலும் இரண்டு மடங்கு, அச்சை அழுத்தும் உராய்வும் இரண்டு மடங்கு. இரண்டும் சரிக்குச் சரி. ஒரு கட்டத்துக்கு மேல் களிமண் ஏற்றினால் அட்டை தொங்கி மூடியில் உரசும், அப்போது தூரம் சட்டென்று குறையும். அது வேறு கதை.

இங்கே இன்னொன்றைச் சொல்லியே ஆகணும் என்று தோன்றியது. வேகத்தை இரண்டு மடங்காக்க உயரத்தை நாலு மடங்காக்க வேண்டும். வேகம் இரண்டு மடங்கானால் இயக்க ஆற்றல், அதாவது ஓடுவதால் இருக்கும் ஆற்றல், நாலு மடங்கு, நிற்பதற்கு வேண்டிய தூரமும் நாலு மடங்கு. எங்கள் பிள்ளைகள் பள்ளிக்குப் போக மேலூர் நான்குவழிச் சாலையைத் தாண்ட வேண்டும். 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பைக்கையும் 80ல் வரும் காரையும் தூரத்தில் பார்த்தால் ஒரே மாதிரிதான் தெரியும். பிரேக் பிடித்த பிறகு 80ல் வருவதற்கு நாலு மடங்கு இடம் வேண்டும். பொம்மை வண்டியில் அளந்து பார்த்த பிள்ளைக்கு இது வெறும் அறிவுரையாகப் போகாது என்று உறுதியாக நம்புகிறேன்.

பிறகு ரப்பர் பேண்ட் வண்டி. ஹோட்டல் பார்சலில் சாம்பார்ப் பொட்டலத்தைக் கட்டி வரும் ரப்பர் பேண்டே போதும். மூன்றைக் கோத்து நீளமாக்கினோம். ஒரு முனையை வண்டியின் முன்பக்கம் கிளிப்பில் மாட்டி, மறுமுனையைப் பின் அச்சில் ஒரு சிறு கொக்கியில் மாட்டிச் சுற்ற வேண்டும். கொக்கிக்குத் தீக்குச்சித் துண்டை டேப்பால் அச்சில் ஒட்டினோம். ரப்பரை அச்சோடு முடிச்சுப் போட்டுவிடக் கூடாது. முடிச்சுப் போட்டால் அவிழ்ந்து முடிந்ததும் ரப்பர் எதிர்ப்பக்கமாகச் சுற்றிக்கொண்டு வண்டியைப் பிடித்து இழுக்கும். கொக்கியிலிருந்து தானாகக் கழன்று விழுந்தால்தான் சேர்ந்த வேகத்தில் வண்டி உருண்டு போகும்.

பின்சக்கரத்துக்கு சி.டி. அதன் நடு ஓட்டை ஒன்றரை செ.மீ., அதன்மேல் சோடா மூடியை ஒட்டினால் அச்சுக்கு இடம் கிடைத்துவிடும். சி.டி. ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி 37 செ.மீ.க்குக் கொஞ்சம் மேலே போகும். ஸ்போக்கோ இரண்டு மில்லிமீட்டர் தடிமன்தான். இவ்வளவு மெல்லிய அச்சில் ரப்பரைச் சுற்றினால் நிறையச் சுற்றுப் பிடிக்கும், ஆனால் இழுவை போதாமல் வண்டி நகரவே யோசிக்கும். அச்சில் டேப் சுற்றித் தடிமனாக்கினால் இழுவை கூடும், சுற்று குறையும். இன்னும் தடிமனாக்கினால் சக்கரம் இருந்த இடத்திலேயே வழுக்கிச் சுழலும், தூசிதான் பறக்கும். உடைந்த பலூனை வளையமாக வெட்டி சி.டி. விளிம்பில் மாட்டினால் பிடி கிடைக்கும். டேப்பை ஒரு சுற்றுக் கூட்டி, ஒரு சுற்றுக் குறைத்து, அவரவர் வண்டிக்குத் தக்க அளவைக் கண்டுபிடிக்க ஒரு முழு மாலை போனது. அந்த மாலையில் நான் வாயே திறக்கவில்லை. ஒருவர் வண்டியை இன்னொருவர் பார்த்து, கழற்றி, திரும்பச் சுற்றி, கியர் என்றால் என்ன என்பதை அவர்களே கண்டுபிடித்தார்கள். மலையேறும்போது பஸ் டிரைவர் எதற்குக் கியரைக் குறைக்கிறார் என்று கொடைக்கானல் போய்வந்த பையன் மற்றவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தான்.

ரப்பரை இரண்டு மடங்கு சுற்றினால் சேரும் ஆற்றல் இரண்டு மடங்கல்ல, கணக்குப்படி நாலு மடங்கு. இழுக்க இழுக்க எதிர்ப்பும் ஏறிக்கொண்டே போவதுதான் காரணம். நிஜ ரப்பரில் அந்த நாலு மடங்கு முழுசாகக் கிடைக்காது. கொஞ்சம் ரப்பருக்குள்ளேயே சூடாகப் போய்விடும். இதை உதட்டிலேயே பார்க்கலாம். அகலமான ரப்பர் பேண்டைச் சடாரென்று இழுத்து மேலுதட்டில் வைத்தால் இளஞ்சூடு தெரியும். இழுத்தபடியே சற்று வைத்திருந்து, தளரவிட்டு மறுபடி வைத்தால் சில்லென்று இருக்கும். பிள்ளைகள் இதை வீட்டுக்குப் போய் அம்மா, ஆத்தா எல்லோருக்கும் செய்து காட்டியிருக்கிறார்கள்.

பலூன் வண்டியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பேனாக் குழாயில் பலூனைக் கட்டி ஊதி விட்டால் காற்று பின்னால் போகும், வண்டி முன்னால் போகும். 1687ல் நியூட்டன் எழுதிய மூன்றாம் விதி. வெளிக்காற்றைத் தள்ளுவதால் ஓடுகிறது என்ற எண்ணத்தை மட்டும் அங்கேயே திருத்திவிட வேண்டும். காற்றே இல்லாத இடத்தில் ராக்கெட் போவது இதே விதியால்தான். மகேந்திரகிரியில் இஸ்ரோ சோதித்துப் பார்க்கிற ராக்கெட் எஞ்சின்களும் அப்படித்தான்.

நூல்கண்டு டிராக்டர் எனக்கு ரொம்பப் பிடித்தது. தையல் கடையில் காலியான நூல்கண்டு கேட்டு வாங்கினோம். ரப்பர் பேண்டை ஓட்டை வழியாக விட்டு, ஒரு பக்கம் சின்னத் தீக்குச்சியில் மாட்டி டேப் போட வேண்டும். மறுபக்கம் மெழுகுவர்த்தியிலிருந்து வெட்டிய வட்டத் துண்டு, அதன்மேல் நீளமான ஈர்க்குச்சி. குச்சியைச் சுற்றி முறுக்கேற்றித் தரையில் வைத்தால் மெதுவாக, விடாமல் ஊர்ந்து போகும். மெழுகுதான் ரகசியம். அது வழுக்கலாக இருப்பதால் முறுக்கு பட்டென்று விடுபடாமல் சன்னமாக அவிழும். விளிம்பில் கத்தியால் பல் வெட்டிவிட்டால் நோட்டுப் புத்தகச் சரிவில்கூட ஏறும். அதே ரப்பர்தான் சி.டி. வண்டியில் ஒரு பாய்ச்சலில் தீர்ந்தது, இங்கே நிதானமாகச் செலவாகிறது. ஆற்றல் வேறு, அதை எவ்வளவு சீக்கிரம் செலவழிக்கிறோம் என்கிற திறன் வேறு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

நுங்கு வண்டி பிள்ளைகளின் யோசனை. மேலூர் ரோட்டில் நுங்கு வெட்டிப் போட்ட கூடுகள் குவிந்து கிடக்கும் பருவம் அது. இரண்டு கூட்டை ஒரு குச்சியால் கோத்து, நீளமான கவைக்குச்சியால் அந்த அச்சைத் தள்ளிக்கொண்டு ஓட வேண்டும். கூடு புதிதாக இருக்கும்போது கனமாக, அசையாமல் நிற்கும். நாலு நாளில் வற்றிச் சுருங்கி ஓட்டை தளர்ந்துவிடும், அப்போது குச்சிமேல் துணி சுற்றி இறுக்கணும். இந்த வண்டியில் எதையும் சேர்த்து வைக்க முடியாது. தள்ளுவதை நிறுத்தினால் கொஞ்ச தூரத்தில் நிற்கும். அதனால் கேள்வி பின்பக்கமாகத் திரும்பியது. எங்கே போனது என்பதை விட்டு, எங்கிருந்து வந்தது?

“என் கையில இருந்து.” கைக்கு? “காலைல சாப்பிட்ட கஞ்சி.” கஞ்சிக்கு? நெல். நெல்லுக்கு? வெயில், தண்ணீர். எங்கள் பக்கத்து வயலுக்குப் பாய்வது பெரியாற்றுத் தண்ணீர். 1895ல் முடிந்த முல்லைப்பெரியாறு அணையிலிருந்து மலையைக் குடைந்து வருகிற தண்ணீர் இறங்கி, மலையடிவாரத்தில் லோயர் கேம்ப் என்ற இடத்தில் மின்சாரம் எடுத்த பிறகு, வைகை வழியாக இங்கே வருகிறது. உயரத்தில் இருந்த தண்ணீர் இறங்குவதும் பலகை உச்சியில் இருந்த வண்டி இறங்குவதும் ஒன்றுதான் என்று ஆறாம் வகுப்புப் பையன் சொன்னபோது எனக்குச் சிலிர்த்தது. தண்ணீரை மேலே ஏற்றியது யார் என்றும் கேட்டுக்கொண்டார்கள். அதற்கும் வெயில்தான். பிஸ்கட் கவரையும் பிரித்துப் படித்தோம். 100 கிராமுக்குச் சுமார் 450 கிலோ கலோரி, ஒரு கிலோ கலோரி 4,184 ஜூல். ஐந்து கிராம் பிஸ்கட் ஒன்றில் பால் பாக்கெட்டைத் தொண்ணூறாயிரம் தடவைக்கும் மேல் தூக்குகிற ஆற்றல் இருக்கிறது. உடம்பு அதில் பெரும்பகுதியைச் சூடாக்கிவிடும் என்றாலும் அந்த எண்ணைப் போட்டுக் காட்டியதும் எல்லோரும் பிஸ்கட்டை மரியாதையாகத்தான் தின்றார்கள்.

தேரைப் பற்றிச் சொல்லாமல் மதுரைப் பக்கத்தில் சக்கரப் பாடம் முடியாது. சித்திரையில் மாசி வீதிகளில் மீனாட்சி சுந்தரேசுவரர் தேர் வரும்போது பிள்ளைகள் பார்ப்பது வடத்தையும் அலங்காரத்தையும். இந்த வருடம் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிறவர்களைப் பார்க்கச் சொல்லியிருந்தேன். அவ்வளவு கனம் நகர ஆரம்பிப்பதும் கஷ்டம், நகர்ந்ததை நிறுத்துவதும் கஷ்டம். ஸ்டியரிங் கிடையாது. ஒரு பக்கச் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தால் அந்தப் பக்கம் தயங்கும், மறுபக்கம் முன்னே போகும், தேர் திரும்பும். எங்கள் மூடி வண்டியின் ஒரு சக்கரத்தடியில் அழிரப்பர் துண்டைச் செருகிக் கயிறு கட்டி இழுத்துப் பார்த்தோம். அப்படியேதான் திரும்பியது. தெருவில் சப்பரம் இழுக்கிற பையன்கள் அன்று சாயங்காலமே தங்கள் சப்பரத்துக்கு மரத்துண்டில் கட்டை செதுக்கிக்கொண்டார்கள்.

செய்து பார்க்க நினைப்பவர்களுக்குச் சில சொல்: ஒரே நாளில் எல்லா வண்டியையும் செய்யாதீர்கள். வெறும் வண்டியிலேயே சில மாலைகள் இருங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி வண்டி, ஆனால் அளப்பதற்கு இரண்டு பேர் ஜோடி. ஒருவர் விட, ஒருவர் குறி வைக்க வேண்டும். ஒரு வண்டியை ஒரே உயரத்திலிருந்து பலமுறை விட்டு நடுவாந்திரமான எண்ணை எழுதச் சொல்லுங்கள். ஒரே வண்டி ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாறித்தான் ஓடும் என்பதே அவர்களுக்குப் புதுச் செய்தி. பெண் பிள்ளைகளிடம் சுத்தியலையும் அரத்தையும் முதலில் கொடுங்கள். பின்னால் கொடுக்கலாம் என்று விட்டால் அது பையன்கள் கையிலேயே நின்றுவிடும்.

பழைய சைக்கிள் டைனமோ ஒன்று கிடைத்திருக்கிறது. டயரில் உரசிச் சுழலும் பாட்டில் மாதிரி டைனமோ. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்ற வேண்டும். பல்பைக் கழற்றிவிட்டுச் சுற்றினால் லேசாகச் சுற்றுகிறது, பல்பை மாட்டினால் கனக்கிறது. “கரண்டு கண்ணுக்கே தெரியல, அது எப்படிக்கா கைய இழுக்குது?” என்று ஒருத்தி கேட்டிருக்கிறாள். அடுத்த வாரம் அதைத்தான் பார்க்கப் போகிறோம்.